இடப்பக்கத்துக் கீறல்கள்

துப்பாக்கியைக் குளியல் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான் சுஹைல். மதியம் இரண்டு மணி இருக்கும். இந்த அரபு நாட்டுச் சலாலா ஊரில் ஒரு மணிக்கு மேல் நாலு மணி வரை எந்தக் கடையிலும் ஆள் இருக்காது. நானும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாவி வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் அட்டையை விரித்துப் படுத்திருந்தேன். அவன் குனிந்து உள்ளே வந்து துண்டைப் பிரித்துக் காட்டியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"பயப்படாதே உதய். சுடாது," என்றான்.

உடையப்பன் என்ற என் பேரை இந்த ஊரில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. சுஹைல்தான் என் முதலாளி. கடைப் பலகையில் இருப்பது அவன் பேர். ஆனால் நான் இந்த ஊருக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன். அதனால் வாயில்தான் அர்பாப் என்ற முதலாளி மரியாதை. மனதுக்குள் அவன் இவன்தான். அரபியும் இந்தியும் கலந்த கடைப் பேச்சில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். அதை இங்கே தமிழில் சொல்கிறேன்.

பழைய வெள்ளைக்காரன் ரிவால்வர். ஆறு குண்டு போடுகிற உருளை, மரப் பிடி, பிடியின் அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். மலைவீட்டுத் தகரப் பெட்டியில் பல வருஷம் கிடந்து, ஒவ்வொரு கரீஃப் மழைக்காலத்திலும் மூன்று மாதத் தூறலின் ஈரத்தைக் குடித்து, முழுக்கத் துருவேறிப் பொருக்குத் தட்டியிருந்தது. குண்டைத் தட்டும் சுத்தியலின் மூக்கைப் போலீஸ்காரர்களே முன்பு அறுத்துவிட்டார்களாம். வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் கொடுத்த காகிதமும் துண்டுக்குள் இருந்தது.

"பாபாவுடையது," என்றான் சுஹைல். "டாக்டர் நடக்கலாம்னு சொல்லிட்டார். பாபா கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கறார். பெருநாளைக்காவது எழுந்து வாங்கன்னா, இடுப்புல ஒண்ணுமில்லாம எப்படி வர்றதுன்னு கேக்கறார். பெட்டியைத் தெறந்து பாத்தா இப்படிக் கிடக்குது."

அவன் அப்பா பக்கீத் பெரியவர் ஜூன் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தவர். இடுப்பெலும்பு கூடிவிட்டது. மனசுதான் கூடவில்லை.

"இதைப் புதுசாக்கிக் குடு உதய். பெருநாள் காலையில கையில குடுத்தா எழுந்துடுவார். எழுந்தா பிழைச்சுக்குவார். இல்லேன்னா அந்தக் கட்டில் அவரைத் தின்னுடும்."

அது 2005 செப்டம்பர் கடைசி. நோன்பு தொடங்க ஒரு வாரம், பெருநாளுக்கு ஐந்து வாரம். கடையில் வைத்துச் செய்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் கேள்வி கேட்பான் என்று ரூமுக்கு எடுத்துப் போனேன். பழசைப் புதுசாக்குவது எனக்குப் பொழுதுபோக்கு. வெள்ளிக்கிழமையானால் சிலர் சீட்டாடுவார்கள், சிலர் ஊருக்கு போன் போட்டு அழுவார்கள். நான் குப்பையில் கிடக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ், பூட்டு, காவாக் காப்பிக் கெண்டி எதையாவது கொண்டுவந்து தேய்த்துக்கொண்டிருப்பேன். அலமாரியில் அப்படி இருபது முப்பது சாமான் பளபளவென்று வரிசையாக நிற்கும். யாருக்கும் அதனால் உபயோகமில்லை.

ரூமில் என்னோடு இருந்தவன் கௌஸ் முகைதீன். கீழக்கரைக்காரன், சூக் கடைத்தெருவில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறான். துண்டைப் பிரித்ததும் அவன் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணே, ஸ்டவ்வத் தேச்சீங்க, வாயத் தொறக்கல. பூட்டத் தேச்சீங்க, வாயத் தொறக்கல. இது என்ன வேலைண்ணே? போலீஸ் வந்தா உங்கள மட்டுமா கேப்பான்? ரூம்ல வேற யாருன்னு கேப்பான். நாலு பொம்பளப் புள்ளய ஊருல வச்சிருக்கேன்."

"காயிதம் இருக்குல்ல பாய். படிச்சுப் பாரு."

வாங்கி மளமளவென்று வாசித்தான். சின்ன வயதில் ஓதிய படிப்பு. அரபி எழுத்து அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. காகிதத்தை மடித்துக் கொடுத்தான்.

"காயிதம் சரியாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சாமான என் கண்ணுல காட்டாதீங்க. நான் ரூம்ல இருக்கையில அது பொட்டிக்குள்ளதான் இருக்கணும். சொல்லிட்டேன்."

அப்படியே செய்தேன். அவன் கடைக்குப் போன பிறகு எடுப்பேன், வரும் நேரத்தில் உள்ளே வைத்துவிடுவேன். எனக்கு அரபி பேச வரும், வாசிக்க வராது. அந்த ரூமில் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

நான் ஏன் அந்தத் துப்பாக்கிக்கு அப்படி உயிரை விட்டேன் என்று சொல்ல வேண்டும். 1991-இல் ஏஜெண்ட் என்னை இங்கே கொண்டுவந்து இறக்கியபோது, அவன் சொன்ன கம்பெனியே இந்த ஊரில் இல்லை. பதினோரு நாள் ஒரு பள்ளிவாசலின் பின்சுவரோரம் படுத்துக் கிடந்தேன். பன்னிரண்டாம் நாள் பக்கீத் பெரியவர் வந்து, என்ன வேலை தெரியும் என்று சைகையால் கேட்டார். நான் பையிலிருந்த உளியையும் சுத்தியலையும் எடுத்துக் காட்டினேன். தேவகோட்டையில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டிக்கொண்டிருந்தவன் நான். குடம், அண்டா, குத்துவிளக்கு எது வந்தாலும் என் கையில் எழுத்து முத்துமுத்தாக விழும். அவருக்கு அது புரியவில்லை. இறுகிப்போன பூட்டு ஒன்றைக் கொடுத்தார், திறந்து கொடுத்தேன். மறுநாளே விசாவுக்கு ஏற்பாடு செய்தார். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் ஊதா மையில் கட்டைவிரல் ரேகை இருந்தது. பெரிய மனிதர், பேனா தேடச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருமுறை, என் அப்பா இறந்துபோன செய்தி வந்த அன்று, நான் லீவு கேட்க வாயெடுப்பதற்கு முன்னாலேயே என் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து சட்டைப் பையில் செருகியவர் அவர். தானே வண்டி ஓட்டி ஏர்போர்ட்டில் விட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது என் தலையில் கை வைத்தார். பெற்ற அப்பன்கூட எனக்கு அப்படிக் கை வைத்ததில்லை. அந்தக் கடனை அடைக்க எனக்கு வேறு வழி கிடைத்ததில்லை. பெரியவர் எழுந்து நடந்தால் போதும், அதை என் கை செய்துவிட்டது என்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். கொஞ்சம் பேராசைதான்.

முதல் வாரம் முழுக்க ஊறல். திருகுகளைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் போட்டு வைத்தேன். பிறகு பித்தளை பிரஷ், பிறகு எண்ணெய் தோய்த்த எஃகுப் பஞ்சு. பழுப்பு நீர் வடிந்துகொண்டே இருந்தது. உருளை ஒட்டிக்கொண்டு நாலு நாள் சண்டை போட்டது. ஐந்தாம் நாள் டக்கென்று சுற்றியபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மரப் பிடியை மட்டும் தேய்க்கவில்லை. எண்ணெய் பூசியதோடு விட்டேன். அது பெரியவரின் உள்ளங்கைக்குத் தக்கபடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது, அதன் அருமை எனக்குத் தெரிந்தது. அந்த மட்டில் புத்தி வேலை செய்தது.

துரு போனதும் பிடிக்கு மேலே, இடப்பக்கத்துத் தகட்டில் கீறல்கள் தெரிந்தன. கோணல்மாணலாக இரண்டு வரி. ஒன்று ஆழம், ஒன்று மேலாக. அங்கங்கே சின்னச் சின்னக் குழிகள். பெட்டிக்குள் வேறு ஏதாவது இரும்போடு உரசியிருக்கும், குழியெல்லாம் துரு அரித்தது என்று முடிவு கட்டினேன். எழுத்து என்று நினைக்கவே இல்லை. எழுத்து என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமே. இருபது வருஷம் வெட்டியவன் அல்லவா! அந்தக் கர்வத்தில்தான் உப்புத்தாளைக் கையில் எடுத்தேன்.

லேசில் போகவில்லை. கீழே செய்தித்தாளை விரித்துக்கொண்டு, சன்ன அரத்தால் தகட்டின் மட்டத்தை இறக்கி, முரட்டுத் தாள், நடுத்தாள், சன்னத் தாள் என்று மாற்றி மாற்றித் தேய்த்தேன். கௌஸ் நோன்பு வியாபாரத்துக்காகக் கடையைத் திறந்து வைத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் போயிற்று. ஆழமான குழி ஒன்று மட்டும் போகாமல் அடம் பிடித்தது. அதை ஒழிக்கத் தனியாக ஒரு மணி நேரம். முடிந்தபோது தகட்டில் என் முகம் தெரிந்தது. செய்தித்தாளில் விழுந்திருந்த இரும்புத் தூளை அப்படியே சுருட்டித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போனேன். நோன்பு மாதம், பகலில் டீக்கடை கிடையாது என்பதே அங்கே போனபிறகுதான் நினைவு வந்தது. வேலை அப்படி மெய்மறக்கச் செய்திருந்தது.

அந்த வாரத்திலேயே சரஸ்வதி பூஜை வந்தது. உளிகளையெல்லாம் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, பக்கத்தில் துப்பாக்கியின் துண்டுகளையும் ஒரு தட்டில் வைத்தேன். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது. தொடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தகடு வெறுமையாகப் பளபளத்தது. பேர் வெட்டுகிறவன் கண்ணுக்கு வெறும் தகடு பொறுக்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு சாமானை யாருக்காவது கொடுத்தால் கொடுத்தவர் பேர் அதில் இருக்கும். தாய்மாமன் கொடுத்த குடத்தில் தாய்மாமன் பேர். அதைப் புழங்கும்போதெல்லாம் கொடுத்தவர் நினைவு வர வேண்டும். வாங்கிக்கொள்கிறவர் பேரை யாரும் வெட்டுவதில்லை, அவர் பொருள்தானே அது! சுஹைல் அப்பாவுக்குச் செய்து கொடுக்கிறான். ஆகவே சுஹைல் பேர். எனக்கு இரண்டாவது யோசனையே வரவில்லை. அவனிடம் சொல்லவும் இல்லை. பெருநாளன்று பார்த்து அசந்துபோகட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடைக்கு எதிரே நின்று பலகையிலிருந்த பேரைத் தாளில் வரைந்துகொண்டேன். சுஹைல் பின் பக்கீத். வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, வளைவையும் புள்ளியையும் பார்த்து வெட்டத் தெரியும். நாலு நாள் ராத்திரி, கௌஸ் கடை மூடி வருவதற்குள் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தட்டித் தட்டி வெட்டினேன். என் ஆயுளில் அத்தனை அழகாக எதையும் வெட்டியதில்லை. பிறகு துபாயிலிருந்து வரவழைத்த மருந்தைத் தடவித் துப்பாக்கிக்குக் கருநீலம் ஏற்றினேன். எழுத்துகளுக்குள் மட்டும் மறுபடி உளி ஓட்டியதில் வெள்ளையாக இரும்பு மின்னியது.

பெருநாள் காலை, குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சுஹைல் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். சாம்பிராணிப் புகை, அல்வாத் தட்டு, காவாக் கோப்பை. பெரியவரைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, மூன்று தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஐந்து மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும், "உதய், சாப்பிட்டாயா?" என்றார். அதைத்தான் எப்போதும் கேட்பார்.

சுஹைல் துண்டை அவர் மடியில் வைத்துப் பிரித்தான். அவனே அப்போதுதான் பார்க்கிறான். பெரியவர் பிடியைக் கையில் எடுத்தார். மரம் உள்ளங்கையில் போய் உட்கார்ந்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காலை மடக்கிக் கீழே ஊன்றினார். "தடியைக் கொடு," என்றார். யாரோ "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். சுஹைல் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான்.

அப்போது அவர் கட்டைவிரல் தானாக இடப்பக்கத்துத் தகட்டுக்குப் போனது. தேடுவது போல் தடவியது. நின்றது. மறுபடி மேலிருந்து கீழே தடவியது.

"இங்கே என்ன இருக்கு?" என்றார்.

சுஹைல் குனிந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "என் பேர் பாபா! சுஹைல் பின் பக்கீத். உதய் வெட்டியிருக்கான். எவ்வளவு அழகா இருக்குது பாருங்க!" என்று எல்லோருக்கும் காட்டினான். எல்லோரும் எட்டிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"என் பேர் எங்கே?" என்றார் பெரியவர்.

யாருக்கும் புரியவில்லை.

"இங்கே என் வாப்பா பேர் இருந்தது. அவர் இறந்த மறுநாள் அதுக்குக் கீழே என் பேரை வைத்தேன். நான் போன மறுநாள் மூன்றாவது பேர் வரணும்." அவர் குரலில் கோபம் இல்லை. கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னார். "வந்துவிட்டது."

"பாபா, அவனுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. நீங்க எங்களைத் தொடவே விட்டதில்லையே," என்று சுஹைல் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான்.

"தப்பில்லை. பேர் இருக்கிறவன் கட்டிக்கொள்ளணும்," என்று துப்பாக்கியை மகன் கையில் வைத்தார். ஊன்றிய காலை மெல்ல எடுத்துக் கட்டிலில் போட்டார். தலையணையை ஒருபக்கம் தள்ளிவிட்டுச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தடியை எடுத்துக்கொண்டு வந்தவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவனாவது அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரூமுக்கு வந்து கௌஸிடம் சொன்னேன். பிரியாணிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அந்தக் கீறல் எப்படி இருந்துச்சுண்ணே? வரைஞ்சு காட்டுங்க."

நினைவிலிருந்த மட்டும் வரைந்தேன். எல்லாம் குளறுபடி. கோடு கோடாக வந்தது.

"குழி குழியா இருந்துச்சுன்னீங்களே, எத்தனை குழி?"

"மேல ரெண்டு. கீழ் வரியில ஒரு ஆறு இருக்கும்."

அவன் என் பேனாவை வாங்கி அட்டைப்பெட்டியின் மேல் எழுதினான். "சயீத்னு எழுதுனா ரெண்டு புள்ளி. பக்கீத்னு எழுதுனா ஆறு புள்ளிண்ணே." பேனாவைக் கீழே போட்டான். "நான் ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா வாசிச்சிருப்பேனே. கண்ணுல காட்டாதீங்கன்னு சொன்ன இந்த வாயில மண்ணள்ளிப் போட..."

"ஒன்னச் சொல்லி என்ன பாய். ஒத்த வார்த்தை நான் கேட்டிருக்கணும்," என்றேன். ஆனால் உண்மையில் அவன் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. என் மேல் இருந்ததில் பாதியையாவது அவனிடம் தள்ளிவிட ஆசையாக இருந்தது.

சுஹைலிடம் துப்பாக்கியைத் திருப்பி வாங்கினேன். பெரியவர் கஞ்சி மட்டும் குடிக்கிறார், அதுவும் இரண்டு வாய் என்றான். கௌஸ் சயீத் என்றும் பக்கீத் என்றும் பெரிதாக, திருத்தமாக எழுதிக் கொடுத்தான். இந்தமுறை பக்கத்திலேயே உட்கார்ந்து, புள்ளி தவறாமல் பார்த்துக்கொண்டான். சுஹைல் பேருக்கு மேலே இரண்டு பேரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டி, மறுபடி நிறம் ஏற்றி, பத்தாம் நாள் எடுத்துப் போனேன்.

பெரியவர் தனியாகப் படுத்திருந்தார். என்னைப் பார்த்துச் "சாப்பிட்டாயா?" என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

"பாபா, தப்பு என் மேலதான். எங்க ஊர் வழக்கத்துல குடுக்கறவங்க பேரை வெட்டுவோம். அப்படி வெட்டிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகல. இதோ வாப்பா பேர், இதோ உங்க பேர், அது அது இருந்த எடத்துல வெச்சிட்டேன்," என்று அவர் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தேன்.

தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அழகாக இருக்கு," என்றார். "என்னுடையது அழகாக இருக்காது."

நான் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன்.

"எனக்கு எழுத்து வராது உதய். உன் காகிதத்தில் விரலைத்தானே வைத்தேன்? நீ பார்க்கவில்லையா?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "வாப்பா இறந்தபோது மலைக்கு ஓதிக்கொடுக்க ஒருவர் வந்திருந்தார். அவரை மணலில் எழுதிக் காட்டச் சொன்னேன். முதலில் வாப்பா பேர். பிறகு என் பேர். அதைப் பார்த்துப் பார்த்து ஆணியால் கீறினேன். ஒரு பகல் முழுக்க ஆச்சு. கை கிழிந்தது. அதற்கு முன்னாலும் நான் எதுவும் எழுதியதில்லை. அதற்கு அப்புறமும் எழுதியதில்லை."

பதினாலு வருஷம் விசா புதுப்பிக்கும்போதெல்லாம் அந்த ஊதா ரேகையைப் பார்த்தவன் நான். பேனா தேடச் சோம்பல் என்று நினைத்தவன் நான்.

"தேய்த்து எடுத்தாயே, அந்தத் தூளை என்ன செய்தாய்?" என்று கேட்டார்.

"பேப்பர்ல விழுந்துச்சு பாபா."

"பேப்பர்?"

"குப்பையில போட்டுட்டேன்."

"ம்," என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். நான் துப்பாக்கியைத் துண்டில் சுற்றிச் சுஹைலிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் போகாமல் கடற்கரை வரை நடந்துபோய் ஓவென்று அழுதேன்.

டிசம்பர் தொடக்கத்தில் பெரியவர் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டியது, வயசு எண்பதுக்கு மேல் என்றார்கள். டாக்டர் எழுதியதும் அதுதான். கௌஸ் தொழுகைக்குப் போய் வரிசையில் நின்றான். நான் மையவாடிச் சுவருக்கு வெளியே நின்றேன். எல்லோரும் போன பிறகு கௌஸ் என்னை உள்ளே கூட்டிப்போனான். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். ஒரு கல்லிலும் எழுத்து இல்லை, சுற்றியிருந்த எந்தக் கல்லிலும் இல்லை. அங்கே எனக்கு வேலையில்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரியில் என் விசா தீர்ந்தது. அதைத் தன் பேரில் மாற்ற சுஹைல் பழைய ஃபைலோடு கடைக்கு வந்தான். துண்டில் சுற்றிய துப்பாக்கியும் கையில் இருந்தது. புதுக் காகிதத்தில் அவன் கையெழுத்து நீளமாக, வளைவும் சுழியுமாக ஓடியது. ஃபைலைப் புரட்டும்போது 91-ஆம் வருஷத்துக் காகிதம் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஊதா மை வெளுத்திருந்தது. ரேகை மட்டும் வரிவரியாகத் தெரிந்தது. அதன் மேல் தன் கட்டைவிரலை வைத்து எடுத்தான்.

"வீட்டுல பாபா கைபட்ட எழுத்து ஏதாவது இருக்கான்னு எல்லாரும் தேடினோம். ஒண்ணும் இல்லை," என்றான். "இது உன் காகிதம். இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கங்க அர்பாப்."

சட்டைப்பையில் மடிக்காமல் வைத்துக்கொண்டான். பிறகு துண்டைப் பிரித்துத் துப்பாக்கியை என் முன்னால் வைத்தான்.

"மேலே இருக்கிற ரெண்டு பேரையும் எடுத்துடு உதய். அது பாபா எழுதினது இல்லை."

"உங்க பேரையும் எடுத்திடறேன்."

"வேண்டாம், இருக்கட்டும். நீ வெட்டின நாள்தான் தப்பு. இப்ப தப்பு இல்லை," என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஷட்டருக்கு வெளியே போனான்.

அன்று மதியம் கடையிலேயே உட்கார்ந்து தேய்த்தேன். சயீத், பக்கீத். கௌஸ் எழுதிக் கொடுத்து நான் வெட்டியது, புள்ளி ஒன்றுகூடக் குறையாதது. செய்தித்தாளை விரித்து, ஒரு தூள் தரையில் விழாமல் பார்த்துக்கொண்டேன். முடிந்ததும் தாளை நாலாக மடித்துப் பொட்டலமாக்கி நூல் சுற்றினேன். அந்தப் பொட்டலம் என் உளிப்பெட்டியில்தான் இருக்கிறது, எறிய மனம் வரவில்லை. அதற்குள் இருப்பது என் எழுத்து. அவருடையதைக் குப்பை வண்டி அக்டோபரிலேயே அள்ளிக்கொண்டு போய்விட்டது.